வெள்ளை லைட் போட்ட பிறகு

எங்கள் ஸ்கூட்டரின் பழைய லைட்டுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் நன்றாக எரியும், விட்டால் மங்கிப்போகும். ஏற்றத்தில் ஜோராக வழி காட்டிவிட்டு, வெளிச்சம் உண்மையிலேயே வேண்டிய இறக்கத்தில் காலை வாரிவிடும். சமதரையில் இருப்பவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது. குண்டசாலைக்கு மேலே மலைப்பக்கமாக வீடு வைத்திருக்கும் எங்களுக்கு அது தினசரித் தொல்லை.

நான் பல்லேகலவில் ஒரு கார்மண்டில், தைத்து முடித்த உடுப்புகளைச் சரிபார்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். என் கணவருக்குக் கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. பொழுது சாயும்போது வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார். போன மழைக்காலத்தில் ஓர் இறக்கத்தில் லைட் மங்கி, குழி தெரியாமல் இரண்டு பேரும் விழுந்தோம். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. என் முழங்கால் சிராய்த்துவிட்டது. எழுந்த கோபத்தில் சொல்லிவிட்டேன்: “இன்னொரு தடவ விழுந்தா நான் வேலைய விட்டுருவேன், சொல்லிட்டேன்.”

சொன்ன பிறகு எனக்கே பயமாகிவிட்டது. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். “அக்கா, இது சரியா?” என்று ஓர் உடுப்பை நீட்டி, என் பதிலுக்காகக் காத்திருக்கும் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்பதில்லை. ஆனால் வாயை விட்டாயிற்று, இனிமேல் எல்லாம் அந்த ஸ்கூட்டரின் கையில்தான் இருந்தது.

இவர் மறுவாரமே கராஜுக்குப் போய் எல்.ஈ.டி. பல்ப் போட்டுக்கொண்டு வந்தார். வயரையும் பேட்டரியோடு இணைத்துவிட்டார்கள், அதனால் இறக்கத்திலும் மங்கவில்லை. ரோட்டில் கிடக்கும் ஊசிகூடத் தெரியும் போல அப்படியொரு வெள்ளை வெளிச்சம். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் தொடங்கியது. எதிரே வரும் வாகனங்கள் எல்லாம் எங்களைப் பார்த்து லைட்டை அணைத்து அணைத்துப் போட்டன. எங்கள் ரோடுகளில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்: முன்னால் பொலிஸ் நிற்கிறது, பார்த்துப் போ. இவர் உடனே வேகத்தைக் குறைப்பார். நான் தொங்கிக்கொண்டிருந்த ஹெல்மட் வாரை மாட்டிக்கொள்வேன். இவர் அப்படியே கையை உயர்த்தி, லைட் போட்டவருக்கு மரியாதையாக நன்றி சொல்வார். வளைவு திரும்பினால் பொலிஸ் இருக்காது.

“இப்பதான் போயிருப்பாங்க” என்பார்.

“நம்மள கண்டாலே ஓடிப்போறாங்க போல” என்பேன் நான்.

உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்டிப் பக்கத்து ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள், முன்பின் தெரியாத நம் மேல் எவ்வளவு கரிசனம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவோம்.

ஒரு மாலை, நாங்கள் விழுந்த அதே மாதிரியான ஓர் இறக்கத்தில், எதிரே ஒரு மோட்டார்சைக்கிள் ஏறி வந்தது. அதற்கும் புதிதாகப் போட்ட வெள்ளை லைட். சரியாக எங்கள் கண்ணுக்கு நேராக அடித்தது. ரோடு காணாமல் போய்விட்டது. இவர் பிரேக் பிடித்தார், ஸ்கூட்டர் இடப்பக்கம் சாய்ந்தது. முன் டயர் மழைத்தண்ணீர் ஓடும் கானின் விளிம்பில் போய் நின்றது. இரண்டு பேரும் காலை ஊன்றிக்கொண்டதால் விழவில்லை.

“டிம் பண்ணுடா!” என்று கத்திக்கொண்டே இவர் எங்கள் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்.

மோட்டார்சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்தார். கையை உயர்த்தி, மிகவும் மரியாதையாக எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, இல்லாத பொலிஸுக்குப் பயந்து மெதுவாக ஏறிப் போனார்.

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. இத்தனை நாளும் யார் யாரோ எங்களைத் திட்டியிருக்கிறார்கள், நாங்கள் கும்பிடு போட்டுக்கொண்டு போயிருக்கிறோம்.

“நீ சொன்னதுதான் சரி. வேலைய விட்டுரு. இந்த ரோட்டுல இனி முடியாது” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. “விழுந்தாத்தான் விடுவேன்னு சொன்னேன். இன்னும் விழலியே.”

விழவில்லைதான். ஆனால் வேலையை விட்டுவிடலாமா என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். அப்போதுதான் அந்த மற்ற பெண்களின் நினைப்பு வந்தது. எங்களுக்கு எதிரே வந்த ஸ்கூட்டர்களின் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். எங்கள் வெளிச்சத்தில் கண் கூசி, எந்தக் கானோரத்தில் காலை ஊன்றி நின்று, இனி வேலைக்குப் போகமாட்டேன் என்று யார் யார் சொன்னார்களோ. யாராவது ஒருத்தி உண்மையிலேயே வேலையை விட்டிருந்தால்? இதை எந்த வீட்டில் போய்க் கேட்பது?

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். திரும்பி வந்ததும் இவரை ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டு, ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளி, எதிரே வருகிறவள் மாதிரி நின்றேன். வெள்ளைத்துணி விரித்ததுபோல வெளிச்சம், அதற்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியவில்லை. இவர் ஸ்குரூவைத் திருகி லைட்டைக் கீழே இறக்கினார்.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம் கீழ.”

“எனக்கு ரோடு தெரியணுமே!”

“கிட்ட உள்ளது தெரிஞ்சா போதும். மெதுவா போவோம்.”

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். அவருடைய முகம் எனக்குத் தெரிந்த பிறகுதான் போதும் என்றேன்.