பின்சுவரில் ஒரு குழாய்

எடித் யாரையும் நம்பமாட்டாள். கோயிலில் கண்ணை மூடிச் செபம் சொல்லும்போதுகூட, கழற்றி வைத்த செருப்பில்தான் நினைவிருக்கும். தாழ்வுபாடு கிராமத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அவளிடம் மட்டும் சொல்லமாட்டார்கள்.

கணவன் இறந்த பிறகு, மன்னார் நகரத்து விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துக் கொடுத்துத்தான் அவளுடைய சீவியம் நடந்தது. மீன் காயும் ஊரில் வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் என்ன ஆகும்? சோளகக் காற்று மணலையும் கருவாட்டு மணத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து அப்பிவிடும். அதனால்தான், யுத்தம் முடிந்து ஊரைவிட்டுப் புறப்பட்ட தொண்டு நிறுவனம் ஒன்றிடம் பழைய டிறையரை வாங்கினாள். துணியைச் சூட்டில் காயவைக்கும் அந்த மெசினின் ஈரக்காற்று, பின்சுவரில் இருந்த குழாயால் வெளியே போகும்.

சுவருக்கு அந்தப் பக்கம் றஞ்சிதத்தின் வளவு. அவள் கருவாடு போட்டு விற்பவள். ஒருநாள் எடித் சுவரோடு சேர்ந்த வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது, றஞ்சிதம் குழாய்க்குள் கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். ஏனென்று கேட்டாளா? கேட்டால் அவள் எடித் இல்லையே. என் சூட்டில் தன் கருவாட்டைக் காயவைக்கப் பார்க்கிறாள் என்று தானே தீர்ப்பு எழுதிவிட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றைக்கே றஞ்சிதம் இல்லாத நேரம் அந்தப் பக்கம் போய், கை நுழையாதபடி பொடிக்கண் வலைத்துண்டு ஒன்றை மடித்துக் குழாய் வாயில் வைத்து இறுக்கிக் கட்டினாள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண் போட்ட முடிச்சு, லேசில் அவிழாது.

அதன்பிறகு மெசின் கொதித்தது; துணி காயவில்லை. எத்தனை தடவை சுற்றவிட்டாலும் விரிப்பு ஈரமாகவே வந்தது. பூஞ்சண மணம் அடிக்கிறது, இன்னொருமுறை இப்படி வந்தால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று விடுதி முகாமையாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எடித்துக்கு வேறு வருமானம் இல்லை.

மெசின் திருத்தும் றஊப்பைக் கூப்பிட்டாள். ஒழுங்காகப் பார்த்தால் இந்த மெசின் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும், திருத்தும் செலவு புதியதின் பாதி விலைக்கு வந்தால்தான் மாற்றவேண்டும், இதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்றான் அவன். மாற்றச் சொல்லியிருந்தால், புதியதை விற்கப் பார்க்கிறான் என்றிருப்பாள். மாற்றவேண்டாம் என்றதும், அடிக்கடி வந்து கூலி வாங்கத் திட்டம்போடுகிறான் என்று நினைத்தாள். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்று பக்கத்தைவிட்டு அசையவும் இல்லை.

பஞ்சு பிடிக்கும் வடிகட்டி துப்பரவாக இருந்தது. அதை எடித் தினமும் தட்டுவாள். றஊப் குழாயைக் கழற்றினான். வலைக்குப் பின்னால் துணிப்பஞ்சு தலையணை மாதிரி இறுகிக் கிடந்தது. எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு ஓடவிட்டதும், விரிப்பு முதல் சுற்றிலேயே காய்ந்தது. எடித்துக்கு உயிர் வந்தது.

“மெசினுக்கு வயசு போகேல்ல அக்கா. மூச்சுத்தான் அடைச்சது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நெருப்புப் பிடிச்சிருக்கும்” என்ற றஊப், வலையில் அடைத்தது புதுப் பஞ்சுதான், குழாய்ச் சுவரில் பழைய பஞ்சு கொஞ்சமும் இல்லையே, வலை கட்டும்வரை குழாயைத் துப்பரவாக்கியது யார் என்று கேட்டான்.

எடித் அந்தக் குழாயை ஒருநாளும் தொட்டதில்லை. நேரே வேலியடிக்குப் போனாள். றஞ்சிதம் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். குழாய்க்குள் ஏன் கையை விட்டாய் என்று இப்போதுதான் கேட்டாள்.

“உங்கட பஞ்சு பறந்துவந்து என்ர கருவாட்டில ஒட்டினது. அதுதான் நான் அப்பப்ப எடுத்துவிட்டனான்” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

“எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நம்பமாட்டியள் எண்டு விட்டனான் அக்கா.”

எடித் மறுத்துப் பேச வாயெடுத்தாள். வெட்கமாக இருந்தது. நம்பியிருக்கமாட்டாள்தான்.