முதலில் ஏலக்காய் விலை

தேவாரத்தில் எங்கள் வீட்டுக்கு நெட் சரிசெய்ய வந்தவர், கொளுத்தும் வெயிலிலும் மழைக்கோட்டைக் கழற்ற மாட்டார். எந்த நேரம் மழை விடாத ஏலத்தோட்ட மலைக்குக் கூப்பிடுவார்களோ தெரியாதாம்.

அன்று மகளுக்குக் கணினியில் வேலைக்கான இன்டர்வியூ. வைஃபை இருந்தும் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

"லைன் நல்லாத்தான் இருக்குக்கா. பேரச் சொன்னா எடத்தக் காட்டுற டிஎன்எஸ் செட்டிங் அழிஞ்சுபோச்சு" என்று ஏதோ எண்களைத் தட்டினார். உடனே ஏலக்காய் விலை போடும் பக்கத்தைத் திறந்தார்.

"தம்பி, இன்டர்வியூவுக்கு நேரமாச்சு!"

"இருங்கக்கா. மலையில எல்லாரும் மொதல்ல இதத்தான் கேப்பாக. இது தொறந்தாத்தான் எனக்கு நெட் வந்த மாதிரி."

அந்த வேலை கிடைத்து மகள் சென்னைக்குப் போய்விட்டாள். அவரும் இப்போது வருவதில்லை. எங்களுக்கு ஓர் ஏலச்செடிகூடக் கிடையாது. ஆனாலும் நெட் போய்த் திரும்பினால் ஏலக்காய் விலையைப் பார்த்துவிட்டுத்தான் மகளைக் கூப்பிடுகிறேன்.