இருபதைத் தொண்ணூறாக்கிய ஜெப்ஸி

நாசரேத்தில் கணக்குப் பட்டம் வாங்கிய ஜெப்ஸி, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில் எடைச்சீட்டு அடிக்கும் வேலைக்கு வந்து பதினோரு வருடமாகிறது. மதியம் சாப்பிட்ட கையோடு, அங்கிருந்த பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரின் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசிப்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஆடிக்காற்று புழுதியை வாரியடித்த ஒரு காலையில் கரண்ட் போய்த் திரும்பியது. கம்ப்யூட்டர் எழுந்தது, எடை போடும் புரோகிராம் எழவில்லை. முன்பெல்லாம் யார்டின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட ஜெஃப்ரி வந்து ஏதோ தட்டுவார், சரியாகிவிடும். அவர் போன மாதம்தான் வேலையை விட்டு மஸ்கட் போயிருந்தார். வாசலில் லாரிகள் சேர்ந்துவிட்டன.

"ஏளா, சாயங்காலம் கப்பல் கிளம்புது. எடைச்சீட்டு இல்லாம துறைமுகத்துக்குள்ள லாரிய விடமாட்டான்" என்று பதறினார் சூப்பர்வைசர் தேவபிரசாதம்.

"பாக்கேன் அண்ணாச்சி."

'டேட்டாபேஸ் கிடைக்கவில்லை' என்று புரோகிராம் எழுதி வைத்துவிட்டு நின்றிருந்தது. ஆனால் டேட்டாபேஸ் இதோ ஓடிக்கொண்டிருக்கிறதே! கம்ப்யூட்டர் எழும்போது ஒவ்வொரு புரோகிராமையும் தானாக ஓடவிடும் தொடக்க ஸ்கிரிப்டுகள் இருந்த இடத்தை ஜெப்ஸி திறந்தாள். ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னாலும் ஓர் எண். சின்ன எண் முதலில் எழும். நெட்வொர்க்குக்குப் பத்து, எடை புரோகிராமுக்கு இருபது, டேட்டாபேஸுக்கு அறுபத்து நாலு. இன்னும் எழாத ஒன்றைத் தேடிவிட்டு எடை புரோகிராம் ஓய்ந்துபோயிருக்கிறது.

கையால் தட்டி ஓடவிட்டிருக்கலாம். ஜெஃப்ரி செய்ததும் அதுதான். ஆனால் அடுத்த முறை கரண்ட் போனால் மறுபடி இதே கதைதான். ஜெப்ஸி, அவர் எழுதித் தந்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, இருபதைத் தொண்ணூறாக மாற்றினாள். பிறகு ரீஸ்டார்ட் கொடுத்தாள்.

"ஓடுததையும் அணைச்சிட்டியா!" தேவபிரசாதம் தலையில் கைவைத்தார்.

திரை இருண்டது. பிறகு வரிவரியாக வந்தது. முதலில் டிஸ்க். அப்புறம் நெட்வொர்க். டேட்டாபேஸ் எழும்வரை மற்றதெல்லாம் பொறுத்து நின்றது. கடைசியாக எடை புரோகிராம். ஜெப்ஸிக்கு மேனி சிலிர்த்தது. அதட்ட ஆளில்லை, கூப்பிட ஆளில்லை. யாரோ எந்த ஊரிலோ யோசித்து வைத்த இரண்டு இலக்க வரிசை, அவள் கண்முன்னே ஒன்றுமில்லாததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றொன்றாக எழுப்பிக்கொண்டு வந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்தது அவள் காதில் விழவில்லை.

கப்பலுக்கு எல்லா லாரியும் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை கணவர் பொன்னுதுரையிடம் சொன்னாள்:

"ஒவ்வொண்ணா எந்திச்சு வருது பாருங்க, அப்படி ஒரு அழகு."

"யாரு எந்திச்சு வாரா?"

ஜெப்ஸி சிரித்துவிட்டு, அவருக்குக் காட்ட ஒரு தாளை எடுத்துப் பத்து, அறுபத்து நாலு, தொண்ணூறு என்று எண்களை வரிசையாக எழுத ஆரம்பித்தாள்.