கேள்வியும் என்னுடையது, பதிலும் என்னுடையது

அந்தக் கேள்வியை எழுதியவன் நான். அந்தக் கேள்விக்கு அரசாங்கத்தின் பதிலை எழுதியவனும் நானே! கேள்வியில் ஓர் ஓட்டையை வைத்துவிட்டு, அதே ஓட்டை வழியாகப் பதிலை வெளியே அனுப்பினேன். அதனால் ஒரு குழந்தை இறந்தது.

காய்ச்சலால் இறந்தது என்று தோட்டத்தில் எழுதிக்கொண்டார்களாம். இருக்கட்டும். நான் உங்களிடம் சொல்ல வந்தது எனக்குத் தெரிந்ததை.

யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, கோலாலம்பூரில் அரசாங்கக் குமாஸ்தாவானவன் நான்; தோட்டத்து ஜனங்களின் வாயில் கிராணி. பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதைக்கு அருகே வீடு. கூட்டரசின் கையிலிருந்த சில அதிகாரங்கள் மாநிலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. சுகாதாரம், மராமத்து என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அதிகாரம் வந்தால் பின்னாலேயே கேள்வியும் வரும் அல்லவா? அந்தக் கேள்விகள் என் மேசைக்கு வந்தன.

மாநிலக் கவுன்சிலின் அங்கத்தினர்கள் கூட்டத்துக்கு முன்பே தங்கள் கேள்விகளை எழுதி அனுப்ப வேண்டும். நான் இலாகாக்களிடம் விவரம் கேட்பேன். வந்ததைக் கொண்டு பதில் எழுதுவேன். எங்கள் துரை அதில் ஒரு சொல்லை மாற்றிக் கையெழுத்துப் போடுவார். கூட்டத்தில் அதை வாசிப்பார்கள். அவ்வளவுதான் அரசாங்கம்!

பொய் சொல்லக்கூடாது, உண்மையையும் தேவைக்கு மேல் சொல்லக்கூடாது. அதில் நான் கெட்டிக்காரன். இப்போதும் அதைச் சொல்லும்போது ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்க்கிறது... வெட்கமாக இருக்கிறது.

எனக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. அதை வெளியே சொல்வதில்லை. கவுன்சிலுக்கு அனுப்பும் கேள்வியில் வாதம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோபமான ஒரு சொல் இருந்தாலும் அதே கதிதான். எனவே சில அங்கத்தினர்கள், பதில் எழுதும் குமாஸ்தாவிடமே முன்னதாக வந்து, கேள்வியைத் திருத்தி வாங்கிக்கொண்டு போவார்கள். வேடிக்கையாக இருக்கிறதா? எங்களுக்கு அது வழக்கம். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை.

இந்தியர்களுக்காக நியமிக்கப்பட்ட அங்கத்தினர் கிள்ளானில் ஒரு வக்கீல். நீதிமன்றத்தில் புலி, கவுன்சில் விதிகள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி என் வீட்டுக்கு வருவார். என் மனைவி பாக்கியம் கோப்பி போட்டுக் கொடுப்பாள். அப்படி நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஒரு ரயில் கடவைக்கு விளக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். நல்லதும் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது... சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வரவில்லை. கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அஞ்சலை என்ற பெண்ணை அழைத்து வந்திருந்தார். நாற்காலி போட்டும் அவள் உட்காரவில்லை. சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்து வாசற்படியில் வைத்தாள். உள்ளே இருந்தது பால் விடாத தேநீர் போன்ற தண்ணீர்.

"இதைத்தாங்க கிராணி ஐயா நாங்க குடிக்கிறோம். கக்கூசுத் தண்ணி போற கானு ஒடஞ்சு கெணத்துப் பக்கம் ஓடுது. மூத்தவன் வயித்தால போயே செத்தான். இப்போ சின்னது... அதுக்கும் ஆரம்பிச்சிருச்சுங்க."

"தோட்டத்தில ஆருக்குச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"கங்காணிகிட்டச் சொன்னேன். வேற தோட்டம் பாத்துக்கன்னாரு. தொரை பங்களாவுக்குக் கொழாத் தண்ணி வருதுங்க. நாங்க குடியிருக்கிற லயத்துக்கு ஒரு கொழா இழுத்து விட்டாப் போதும். வேற ஒண்ணும் வேணாங்க."

வக்கீல் தம் கேள்வியை எழுதியே கொண்டு வந்திருந்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீரை அரசாங்கம் சோதிக்குமா, சோதனையின் முடிவைக் கவுன்சில் முன் வைக்குமா என்று கேட்டிருந்தார். ஆங்கிலம் கொஞ்சம் முரடு. ஆனால் கேள்வி...! யாராவது ஒருவர் மேருவுக்குப் போய், அந்தக் கிணற்றடியில் நின்று பார்க்காமல் அதற்குப் பதில் எழுத முடியாது. நானே முயன்றாலும் முடியாது.

காகிதத்தை மடித்து அவரிடமே நீட்டினேன். ஏன் என்கிறீர்களா?

அந்தத் தோட்டத்துக் கம்பெனியின் பெரிய துரையும் கவுன்சிலில் ஓர் அங்கத்தினர். எங்கள் துரையோடு டென்னிஸ் ஆடுகிறவர். தலைமைக் குமாஸ்தா பதவி அப்போது காலியாக இருந்தது. அதற்கு என் பெயரைச் சிபாரிசு செய்வதாக எங்கள் துரை சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு முந்திய வாரம்தான் வக்கீலின் கேள்வித்தாள் ஒன்றை நீட்டி, உங்கள் கிள்ளான் வக்கீலின் ஆங்கிலம் வரவர உங்களுடையதைப் போலவே இருக்கிறதே என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்தக் கேள்வி கவுன்சிலுக்குப் போனால் பெரிய துரை கொதிப்பார். யார் எழுதிக் கொடுத்தது என்று தேடுவார்கள். தேடினால் என் வீட்டு வாசல்தான்... இப்படி ஓடியது என் புத்தி. அஞ்சலையோ என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பிடிக் கேட்டால் எடுக்க மாட்டாங்கள். சோதியுங்கோ எண்டு கேக்கிறது வேண்டுகோள், கேள்வியில்லை. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றேன். "தண்ணியைப் பற்றிப் புகார் ஏதும் அரசாங்கத்துக்குக் கிடைச்சதோ எண்டு கேளுங்கோ. அது போதும்."

அவர் வக்கீல் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். "கிடைக்கலைன்னு சொல்லிட்டா?"

"இந்த மனிசி இப்ப என்னட்டைச் சொல்லிப்போட்டாதானே? நான் நாளைக்குத் தொழில் இலாகாவில பதிய வைக்கிறன். பிறகு எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது?"

அவர் முகம் மலர்ந்தது. "கந்தையா, நீங்க இல்லேன்னா நான் அங்க வெறும் ஊமை" என்றார். அஞ்சலை என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். நான் பின்வாங்கிக்கொண்டேன். அந்த அளவுக்காவது கூச்சம் இருந்தது எனக்கு.

மறுநாள் நான் பதிய வைக்கவில்லை.

அதற்கு மறுநாளும் வைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிப் பார்க்கிறேன்... இல்லை, மறக்கவில்லை. தொழில் இலாகா இருந்த கட்டடத்தின் வழியாகவே நடந்து போனேன், வந்தேன். புகாரைக் கொண்டு வந்தவர் யார் என்று அங்கே கேட்பார்களே!

கேள்வி என் மேசைக்கு வந்தது. என் சொற்களே, வக்கீலின் கையெழுத்தில். முறைப்படி எல்லா இலாகாக்களுக்கும் எழுதிக் கேட்டேன். முறைப்படி எல்லோரும், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்று எழுதினார்கள். நான் பதில் எழுதினேன்: இத்தகைய புகார் எதுவும் அரசாங்கத்துக்குக் கிடைக்கவில்லை. துரை இந்த முறை ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அன்று வீடு திரும்பியதும் பாக்கியம் போத்தலைக் காட்டினாள். "இதை என்ன செய்யிறது? குசினியெல்லாம் மணக்குது."

அதை நான் அல்லவா இரசாயனச் சோதனைச்சாலைக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும்? கொல்லைக்கு எடுத்துப் போய் எலுமிச்சை மரத்தடியில் ஊற்றினேன். பிறகு போத்தலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வீட்டில் ஒரு நாளும் பாத்திரம் தொட்டறியாத நான் அன்று அதை அப்படிக் கழுவினேன்!

கூட்டத்தன்று, அதிகாரிகளுக்குப் பின்வரிசையில் குமாஸ்தாக்களுக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வக்கீல் எழுந்து கேள்வியை வாசித்தார். பதிலை வாசித்தார்கள். வக்கீலுக்கு முதலில் புரியவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல் தலையைச் சாய்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

துணைக் கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு. பாதி எழுந்தார். வாயைத் திறந்தார். ஒரு புகார் சொல்லப்பட்டது, அதைக் கேட்ட அரசாங்க ஊழியர் இதோ இதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அஞ்சலைக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும். எனக்கு வேலை போயிருக்கும்.

அவர் வாயை மூடிக்கொண்டார். நன்றி என்று சொல்லி உட்கார்ந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நானோ அவரை எப்போதோ விற்று முடித்திருந்தேன்! பெரிய துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

அதன்பிறகு வக்கீல் என் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் அஞ்சலை வந்தாள். கிள்ளான்வரை நடந்து, அங்கிருந்து ரயிலில் வந்ததாகச் சொன்னாள். புறங்காலெல்லாம் செம்மண்.

"கவுன்சில்ல என்னங்க சொன்னாங்க?"

"பார்க்கிறம் எண்டு சொன்னாங்கள்" என்றேன்.

இதுதான் நான் சொன்ன முதல் சுத்தமான பொய். அதுவரை சொன்னதெல்லாம் உண்மைகள் என்பதை நினைத்துப் பாருங்கள்...

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் போத்தல் இருந்தாத் தாங்கய்யா. சின்னதுக்கு மருந்து வாங்கணும். போத்தல் கொண்டு போனாத்தான் ஆஸ்பத்திரில ஊத்துவாங்க."

கொண்டு வந்து கொடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "கழுவி வேற வச்சிருக்கீங்களே! மகராசனா இருங்க ஐயா" என்றாள்.

எனக்குத் தலைமைக் குமாஸ்தா பதவி கிடைத்தது. என் பழைய மேசைக்கு வேறொருவர் வந்தார். அடுத்த கூட்டத்துக்கு வக்கீல் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீரை அரசாங்கம் சோதிக்குமா என்ற அதே கேள்வி, அதே முரட்டு ஆங்கிலம். திருப்பி அனுப்புவார்கள் என்று சொன்னேன் அல்லவா? யாரும் அனுப்பவில்லை. சுகாதார அதிகாரி ஒருவர் மேருவுக்குப் போனார். கிணற்றை மூடினார்கள். லயத்துக்குக் குழாய் வந்தது.

அஞ்சலையின் சின்னப் பெண் அதற்குள் போய்விட்டாள். இதை எனக்குச் சொன்னவர் வக்கீல். வெகு நாளைக்குப் பிறகு, கிள்ளான் ரயிலில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். எழுந்து வேறு இடம் போய்விடுவாரோ என்று பார்த்தேன். போகவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பதில் எழுதித்தானே பிழைத்தேன்? அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அன்னிக்கு நான் எந்திரிச்சுக் கேட்டிருக்கணும் கந்தையா. உங்களுக்குக் குடும்பம் இருக்கேன்னு உக்காந்துட்டேன். அந்தப் புள்ளைக்கு நான் பண்ணுன துரோகம் அது."

அது என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டாமா? ஒரு வார்த்தை! அவர் அதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போக நான் விட்டுவிட்டேன். கிள்ளான் வந்தது. இருவரும் இறங்கினோம்.

போன மழைக்காலத்தில் அவரும் காலமானார். இனி அந்த வாக்கியத்தை அவரிடம் சொல்ல வழியில்லை.

அஞ்சலை இருக்கிறாள். அதே தோட்டம், அதே லயம், விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அரசாங்கம் பார்க்கிறோம் என்று சொல்லியும் தன் பிள்ளைக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வாளாம். பிரிக்பீல்ட்ஸ் கிராணி ஐயாவைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லையாம்.

இப்போது கிள்ளானிலிருந்து மேருவுக்கு மோட்டார் பஸ் ஓடுகிறது. நிலையத்துக்கு வெளியே நிற்கும். பல தடவை அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கண்டக்டர், "ஏறுங்கண்ணே, மேரு, மேரு!" என்று கூப்பிடுவான்.

நான் இன்னும் ஏறவில்லை.