கூரைக்கு வாங்கிய காசு

சுலைஹா இத்தாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாயாவைக்கூட நின்றபடிதான் குடிப்பார். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவையும் சேர்த்து முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் கடைகளிலும் பிளாஸ்டிக் கழிவு எடுக்கும் பெண்கள் குழுவுக்கு அவர்தான் செயலாளர். வயது நாற்பத்தாறு; தெருவில் எல்லோருக்கும் இத்தா, அதாவது அக்கா. பச்சைக் கோட்டு, தோளில் சாக்கு.

மாதக் கட்டணத்தை வாங்கி ரசீது கொடுக்கும்போது, அந்தக் காசு எதற்குப் போகிறது என்பதையும் சொல்வார். இது கையுறைக்கு, இது வண்டி டயருக்கு. யாரும் கேட்பதில்லை. அவராகவே சொல்வார். "குப்பைக்குன்னு வாங்கின காசு குப்பைக்கே போகணும், அதுதான் விதி. அப்ப எதுக்குன்னு பறைய வேண்டாமா?"

ஜனவரியிலிருந்து எல்லா வாசலிலும் ஒரே பேச்சு: "இது கூரைக்கு." கழிவைத் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு மேலே பழைய தார்ப்பாய்தான் இருந்தது. நனைந்த பிளாஸ்டிக்கை லாரிக்காரர் எடுக்கமாட்டார். மழைக்கு முன்னால் தகரக் கூரை வேண்டும். கூலி போக மிச்சம் பிடித்ததில் மே மாதம் அதற்கான பணம் சேர்ந்துவிட்டது. அதை எடுக்க இரண்டு கையெழுத்து தேவை. ஒன்று இத்தாவுடையது. இன்னொன்று வட்டாரக் கமிட்டித் தலைவர் ராமபத்ரனுடையது. அவர் சுக்கு வியாபாரி.

இத்தா கூரை எஸ்டிமேட்டை எடுத்துக்கொண்டு போன அன்று, அவர் வேறொரு காகிதத்தை நீட்டினார். ஐந்து தெருவிளக்குக்கான பில்.

"முதல்ல இதுல ஒப்பு போடு, சுலைஹா."

"விளக்கு குப்பையா, சேட்டா?"

"இருட்டுலதானே எல்லாரும் குப்பையை ஓடையில கொண்டுவந்து கொட்டறா? வெளிச்சம் இருந்தா கொட்டமாட்டா. அதுவும் குப்பை வேலைதான்."

அந்த வாதத்தில் தவறில்லை. அதனால்தான் இத்தாவுக்கு அன்று முழுவதும் நிம்மதியில்லை. மறுநாள் விடிந்ததும் விளக்குக்கு அடையாளம் போட்ட கம்பங்களை ஒவ்வொன்றாக நடந்து பார்த்தார். ஆட்கள் குப்பை கொட்டும் மூலையில் ஒன்றுதான் இருந்தது. மற்ற நான்கும் கமிட்டி ஹாலுக்குப் போகும் வழியில்.

"ஒண்ணுக்குப் போடறேன். நாலுக்கு மாட்டேன்" என்று கடைக்கே போய்ச் சொன்னார்.

"அஞ்சும் ஒரே பில்லு."

"அப்ப அஞ்சுக்கும் இல்ல."

"நீ என்ன ஹைக்கோர்ட்டா?"

"ஹைக்கோர்ட்டுக்கு மே மாசம் லீவு. எனக்கு அதுவும் இல்ல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராமபத்ரன் சிரிக்கவில்லை. கூரைக்கும் கையெழுத்துப் போடவில்லை. வாசல்தோறும் இத்தாவை ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள்: "கூரை போட்டாச்சா?" அந்த மாதம் எங்கள் வீட்டில் ரசீதைக் கொடுத்தவர் காசு எதற்கு என்று சொல்லாமலே வேகமாகப் போய்விட்டார்.

ஜூன் முதல் வாரம் மழை பிடித்தது. தார்ப்பாய் கிழிந்தது. லாரிக்காரர் ஒரு சாக்குக்குள் கையை விட்டார், முழங்கை வரை நனைந்து வெளியே எடுத்தார். பதினொரு சாக்கையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

 இத்தா குழுப் பெண்களிடம் சாக்குகளைத் தள்ளுவண்டியில் ஏற்றச் சொன்னார். கமிட்டி ஹாலைக் கூட்டிப் பெருக்குவதும் அவர்கள் குழுதான், அதனால் சாவி அவரிடம் இருந்தது. நாலு மணிக்கு ராமபத்ரன் வந்தபோது தரை, நாற்காலி, மேடை எங்கும் பால் கவர்கள் விரிந்து கிடந்தன. புளித்த வாடை.

"என்ன இது?"

"காயணும், சேட்டா. நம்மகிட்ட கூரை உள்ள எடம் இது ஒண்ணுதான்."

"அஞ்சு மணிக்கு மீட்டிங் இருக்கு."

"அஞ்சுக்குள்ள காயாது. ஃபேன் போட்டிருக்கேன்."

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"மழை எத்தனை நாளோ, அத்தனை நாள்."

அவர் உட்கார நாற்காலி தேடினார். ஒன்றுகூடக் காலி இல்லை. ஒரு கவர் அவர் வேட்டியில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுத்தார்.

"அந்த எஸ்டிமேட் எங்க?"

கோட்டுப் பையிலிருந்து இத்தா எடுத்தார். மே மாதத்திலிருந்து அது பிளாஸ்டிக் கவருக்குள் நனையாமல் இருந்தது. ராமபத்ரன் அதைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த மூலை விளக்கு?"

"அதுக்கு மட்டும் தனியா பில்லு கொண்டுவாங்க. அப்பவே போடறேன்."

மீட்டிங்குக்கு வந்தவர்கள் வராந்தாவில் நின்றபடியே பேசினார்கள். யாரோ சாயா வாங்கி வந்தார். இத்தா பாதி டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு மழையில் இறங்கினார். கூரை செய்யும் வெல்டிங் கடையை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.