ஓட்டை தெரியாத அடுக்கு

அந்தக் கடையில் அவளை எல்லோரும் அடுக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவள் புருஷனுக்கே மறந்திருக்கும். சோப்போ பிஸ்கட்டோ பற்பசையோ, அவள் கை பட்டால் ஷெல்ஃபில் வரிசை பிடித்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஓட்டை தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா கடை நொடிஞ்சு போச்சுன்னு ஊரு பேசும்."

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒரு சரக்கு தீர்ந்தால் பக்கத்துச் சரக்கை இழுத்து, பரப்பி, முன்னால் ஒரு வரிசையை நிறுத்தி இடத்தை மூடிவிடுவாள். பின்னால் காலி என்பது பல்லிக்குத்தான் தெரியும். அழகு சோறு போடாது என்பார்கள். அவளுக்குப் போட்டது.

வியாபாரம்தான் படுத்துக்கொண்டது. எதிர்ச்சாரியில் புதிதாக வந்த கடையில் கூட்டம் முட்டியது. இங்கே ஈகூட யோசித்துத்தான் உள்ளே வந்தது. ஒருநாள் முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார்: "இந்த மாசம் பாப்பேன். தேறலன்னா மூடிட்டு இடத்தை வாடகைக்கு விட்டுடுவேன். யாரும் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அடுக்கக்கா கலங்கிப்போனாள். இந்த வயதில் வேறு எந்தக் கடை அவளைச் சேர்க்கும்? கலங்கினால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. போய் சோப்பு ஷெல்ஃபை இன்னொரு தரம் துடைத்து அடுக்கினாள்.

அப்போது தையல்காரர் வந்தார். துணியில் மெஷின் எண்ணெய் பட்டுவிட்டால் பச்சைக் கட்டி சோப்புக்குத்தான் அந்தக் கறை கேட்கும் என்பது அவர் கட்சி.

"பச்சை சோப்பு இருக்கா தங்கச்சி?"

"இப்பதான் தீந்துச்சுண்ணே. மஞ்சள் எடுத்துக்கோங்க."

"போன தடவையும் இப்பதான் தீந்துச்சு. அதுக்கு முந்தின தடவையும் இப்பதான். உன் கடை போட்டோ புடிச்சு மாட்ட நல்லாருக்கு. வாங்கத்தான் ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு நடையைக் கட்டினார். ஊசியால் குத்திப் பழகிய மனுஷன். ஆழமாகத்தான் இறங்கியது.

அவள் புருஷன் மொத்த வியாபாரியின் வேன் ஓட்டுகிறவர். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அவர்தான் சரக்கு இறக்குவார். அன்று சாப்பிடும்போது கேட்டாள்.

"ஏங்க, உங்க குடோன்ல பச்சை சோப்பு வரத்தே இல்லையா?"

"வரத்து இல்லையாவா? கூரை முட்டக் கெடக்கு. மத்தியானம் அதுமேல சாஞ்சுதான் நான் கண்ணசர்றேன்."

"அப்ப எங்க கடைக்கு ஏன் எறக்கல?"

"கேட்டாத்தானே எறக்க முடியும்? எதிர்க்கடைக்காரன் கேக்குறான், போடுறோம். உங்க ஆர்டர்ல சோப்பே வர்றதில்ல. எல்லாரும் குளிக்கிறத விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். கடைக்கு ஆர்டர் போடுகிறவன் முதலாளியின் மச்சினன். வாரம் ஒருநாள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஷெல்ஃப் ஓரமாக ஒரு நடை நடப்பான். எங்கே காலி தெரிகிறதோ அந்தச் சரக்கைப் போனில் சொல்வான். அவ்வளவுதான் அவன் வித்தை. அவன் கண்ணுக்குக் காலி தெரியாமல் பார்த்துக்கொண்டது யார்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மகராசி இவள்தான்.

"நாந்தாங்க கடையக் கெடுத்திருக்கேன்."

"எத்தனை வருஷமா சொல்றேன், எதையும் அடுக்குறேன்னு ஒளிச்சு வைக்காதன்னு. என் மூக்குக் கண்ணாடியக்கூட..."

"வாய மூடிட்டு சாப்பிடுங்க."

உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை அவள். மறுநாள் மச்சினன் நடை வரும் நாள். அவளே முதல் ஆளாகப் போய்க் கடை திறந்து, பரப்பி வைத்ததையெல்லாம் அதனதன் இடத்துக்கு ஒதுக்கித் தள்ளினாள். ஷெல்ஃபில் அங்கங்கே பள்ளம் விழுந்தது. எந்தச் சரக்கின் இடம் என்று அட்டைத் துண்டில் எழுதி ஒவ்வொரு பள்ளத்திலும் நிறுத்தினாள். அவள் கைக்கே அது கூச்சமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

மச்சினன் உள்ளே வந்ததும் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

"என்னக்கா, திருடன் பூந்துட்டானா?"

"நாந்தான் பூந்தேன் தம்பி. போனை எடு. அட்டை இருக்கிறது அத்தனையும் சொல்லு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"என்னம்மா இது, கடையா பொக்கை வாயா? மூடுவேன்னு சொன்னதுக்கு இப்பவே காலி பண்றியா?"

"பொய்ப்பல்லக் கழட்டியிருக்கேன் முதலாளி. எந்தப் பல்லு இல்லன்னு இப்பத்தான் தெரியுது. நான் மூடி மூடி வச்சதால தம்பி ஆர்டரே போடல. குடோன்ல சரக்கு குவிஞ்சு கெடக்கு, நம்ம ஆளுங்க எதிர்க்கடையில நிக்கிறாங்க. தப்பு என்னுது. சரி பண்ணப்போறதும் நான்தான். மாசம் முடியிற வரைக்கும் ஓட்டைய மூடச் சொல்லாதீங்க."

"ஊரு சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்காவது உள்ள வரட்டும்."

வாசலோடு போய்க்கொண்டிருந்த தையல்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பள்ளத்தில் நின்ற அட்டையைப் படித்தார். "அட, பச்சை சோப்புக்குன்னு இங்க ஒரு இடமே இருந்துச்சா?"

"சாயங்காலம் சரக்கே இருக்கும்ணே."

"அப்ப எனக்கு ரெண்டு எடுத்து வை. பொய் சொன்னா உன் ரவிக்கைய இறுக்கித் தச்சிடுவேன்."

முதலாளி அவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் வேன் பின்பக்கமாக வந்து நின்றது. பெட்டியைத் தோளில் சுமந்து வந்த புருஷன், "எங்க எறக்கட்டும்மா?" என்று வெளியாள் மாதிரி கேட்டார். "படிக்கத் தெரியும்ல? அட்டையப் பாத்து எறக்குங்க," என்றாள்.

அதற்கப்புறம் கேட்டது கிடைத்தது. கிடைத்ததால் ஆள் திரும்பி வந்தது. மாசம் முடிந்தது. வாடகைக்கு விடும் பேச்சை முதலாளி எடுக்கவே இல்லை.

பழக்கம் மட்டும் லேசில் போகுமா? ஒருநாள் பற்பசை இடத்தில் பள்ளம். மச்சினன் வரும் நேரம். முதலாளியின் கை மெல்ல நீண்டு பக்கத்து டப்பாவை இழுத்தது.

"முதலாளி, கையை எடுங்க."

எடுத்துவிட்டார்.