மகளுக்கு வார்த்த தண்ணீர்

கணவரைக் கடல் கொண்டுபோன பிறகு, நுரைச்சோலை வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குக் கொத்தித்தான் என் ஒரே மகளை வளர்த்தேன். யுத்தத்துக்குத் தப்பி வன்னியிலிருந்து வந்தவர்கள் நாங்கள். யுத்தம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை.

மகள் பெரியபிள்ளையானாள். தாய்மாமன் முறைக்குத் தண்ணீர் வார்க்க என் அண்ணன் வவுனியாவிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எனக்குச் சட்டம் சொன்னார்.

"தண்ணி வாக்கேக்க நீ முன்னுக்கு வரக்கூடாது. முழுவியளம் சரியில்லை."

நான் இடித்த மாவில் நான் அவித்த புட்டை மறுபடி மறுபடி போட்டுச் சாப்பிட்டார். அதற்கு மட்டும் சகுனமோ முழுவியளமோ பார்க்கவில்லை.

பக்கத்து வளவு முஸ்லிம் ராத்தாவிடம் வேலியில் நின்று அழுதேன். அவரும் புருஷனை இழந்தவர்தான்.

"புருஷன் போனா எங்களுக்கும் இத்தா ஈக்கி புள்ள. நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ள. அது முடிஞ்சா எழும்பி வேலயப் பாப்போம். ஒங்கட இத்தா எப்ப முடியும்?"

தாலி கழன்ற நாளிலிருந்து ஒரு பந்தலிலும் நான் முன்னுக்கு நின்றதில்லை. ஆனால் இது நான் பெற்ற பிள்ளை.

மறுநாள் காலை மகளை முற்றத்துப் பலகையில் இருத்தினார்கள். பாலும் அறுகும் போட்ட தண்ணீர்ச் செம்பை எடுக்கக் குனிந்தேன். அண்ணன் என் கொண்டையைப் பிடித்து இழுத்து விழுத்தினான். இனி அவனுக்கு மரியாதை போட்டு எழுத எனக்கு மனமில்லை. மணலில் தரதரவென்று இழுத்துப்போய், நான் புட்டு அவித்த குசினிக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினான். வந்திருந்த சுமங்கலிகள் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்கள்.

மூலையில் என் மண்வெட்டி கிடந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? கதவைக் கொத்திப் பிளந்தேன். வெளியே கால் வைத்ததும் அவன் கை என் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து பல் ஆடியது. மண்வெட்டிப் பிடியால் அவன் முழங்காலில் அடித்தேன். கூடப்பிறந்தவன் என்று கை கூசவில்லை. இன்னும் ஒன்று போடத்தான் ஆசையாக இருந்தது.

விழுந்து கிடந்தபடி கத்தினான்: "அறுதலி! உன்ர பெட்டையும் அறுதலியாத்தான் போவாள்!"

மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். இம்முறை இரும்புப் பக்கம் கீழே இருந்தது. அப்போதுதான் பலகையிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அதை விடுங்கோ. வந்து தண்ணியை ஊத்துங்கோ. நீங்கள் ஊத்தாமல் நான் எழும்ப மாட்டன்."

மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் செம்பை எடுத்தேன். என் வாயிலிருந்து இரத்தம் அதற்குள் சொட்டியது. பாலோடும் அறுகோடும் அதையும் சேர்த்து அவள் தலையில் வார்த்தேன். அவள் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு ராத்தா வேலிக்கு ஓடி வந்திருந்தார். கிழிந்த வாயோடு அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"ராத்தா, இண்டைக்கு முடிஞ்சுது."